ஒரே வரியில் முப்பது மெகாபைட்: எடிட்டர்களுடன் ஐந்து ஆண்டுகள்

தரவுத்தளங்களிலிருந்து எடுத்துத் தரப்படும் ஜேசன் (JSON) எனும் உரைவடிவத் தரவுக் கோப்புகளைச் சரிபார்ப்பதே ஐந்து ஆண்டுகளாக என் வேலையின் பெரும்பகுதி. அவற்றுள் பல, இருபது முப்பது மெகாபைட் அளவில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வரியாகவே வரும். நூறு மெகாபைட் பதிவுக் கோப்பைத் (log) தயங்காமல் திறந்த எடிட்டர், அதாவது உரைக் கோப்புகளைத் திருத்தும் மென்பொருள், ஐந்து மெகாபைட் ஒற்றை வரியில் திணறி நின்றபோதுதான் கோப்பின் அளவைவிட வரியின் நீளமே பெரிய சோதனை என்பது எனக்கு உறைத்தது.

பெரும்பாலான எடிட்டர்கள் வரியையே கணக்கின் அலகாகக் கொள்கின்றன. லட்சம் வரிகள் இருந்தாலும் திரையில் தெரியும் ஐம்பதைக் கணித்தால் போதும். எல்லாம் ஒரே வரி என்றால், கர்சர் நிற்கும் இடத்தை அறியவே தொடக்கத்திலிருந்து எழுத்துகளின் அகலத்தைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். உள்ளே தமிழ் இருந்தால் பாரம் இன்னும் கூடும். ‘கெ’ என்பதன் கொம்பு கோப்பில் ககரத்துக்குப் பின்னும் திரையில் அதற்கு முன்னும் வருவதால், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று வைத்துக்கொண்டு தப்பிக்கவும் வழியில்லை.

விஎஸ் கோட் என்ற எடிட்டர் இதற்கு வரம்பு கட்டுகிறது: இயல்பு அமைப்பில் 20,000 எழுத்துகளைத் தாண்டிய வரிக்கு, அதன் பகுதிகளைப் பிரித்துக்காட்டும் வண்ணமிடாது, 10,000 எழுத்துகளுக்கு மேல் வரியைக் காட்டாது. நியாயமான முடிவுதான், ஆனால் நான் தேடும் பிழை அநேகமாக அந்தக் காட்டப்படாத பகுதியில்தான் இருக்கும். விம் என்ற எடிட்டரோ, வரி மடிப்பையும் வண்ணத்தையும் நிறுத்திவிட்டால் நன்றாகவே ஓடுகிறது. அவசரத் திருத்தத்துக்கு இன்றும் அதையே திறக்கிறேன்.

நான் கடைசியில் நிலைத்தது ஈமேக்ஸில். நீண்ட வரி என்றாலே உறைந்துபோகும் என்று பெயர் வாங்கிய எடிட்டர் அது என்பதால் இந்த முடிவு எனக்கே சற்று வியப்பு. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பு ‘சோ-லாங்’ என்ற வசதியைச் சேர்த்தது. அதை இயக்கிவைத்தால், இத்தகைய கோப்புகளில் பாரமான வேலைகளைத் தானே அணைத்துக்கொள்ளும். 2023-இன் 29-ஆம் பதிப்பு இன்னும் ஆழமாகச் சென்று, 50,000 எழுத்துகளைத் தாண்டிய வரி இருந்தால் கர்சரைச் சுற்றிய பகுதியை மட்டும் கணக்கில் எடுக்கிறது. அதற்கு விலையும் உண்டு: மேற்கோள் குறி எங்கே தொடங்கியது என்று தெரியாமல் நடுவிலிருந்து வண்ணமிடும்போது, சரத்தின் (மேற்கோள் குறிகளுக்குள் வரும் எழுத்துத் தொடரின்) உள்ளும் புறமும் தலைகீழாகத் தெரிவதுண்டு. வண்ணத்தை நம்பாமல் படிக்கப் பழகிக்கொண்டேன்.

வெறுமனே பார்ப்பதற்கு எடிட்டரே வேண்டாம். கோப்பைத் திரையில் காட்ட மட்டும் செய்யும் ‘லெஸ்’ (less) கட்டளையை, வரியை மடிக்காமல் காட்டும் ‘-S’ (பெரிய எழுத்து) உடன் ஓட்டினால் போதும். ஜேசனைக் கையாளும் ‘ஜேகியூ’ (jq) என்ற கருவியைக் கொண்டு வரிகளாகப் பிரித்துப் படிப்பதும் எளிது, ஆனால் ஒருமுறை அப்படிப் பிரித்த வடிவத்தையே மூலத்தின்மேல் சேமித்துவிட்டு, கோப்பின் மாற்றங்களைக் கண்காணிக்கும் ‘கிட்’ (Git), கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டிய வேறுபாட்டில் நான் மாற்றிய ஒற்றை எண்ணைத் தேடி ஒரு பிற்பகலை இழந்தேன். அதன் பின், தரவின் ஒவ்வொரு பதிவுக்கும் (record) ஒரு வரி என்ற வடிவில் அனுப்புமாறு கேட்டேன். இரண்டு கோப்புகள் அப்படி மாறின, மற்றவை இன்னும் ஒரே வரியாகவே வருகின்றன.