எம்டிஎம்2: ஜிஎஸ்டி வாலா, ஹிஸ் வாலா?

சேலத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு மனித எம்டிஎம்2 புரதம் வாங்க வேண்டியிருந்தது. புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டவைக்கும் லைகேஸ் (இணைக்கும் நொதி) இது. 491 அமினோ அமிலங்கள். சுத்திகரிக்கும்போது பிடித்தெடுக்க வசதியாக இதன் நுனியில் ஒரு 'வால்' (டேக்) சேர்ப்பார்கள்; ஜிஎஸ்டியா, ஹிஸ்ஸா என்பதுதான் கேள்வி.

ஜிஎஸ்டி (வரி அல்ல, குளுடாத்தயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி) வால் சேர்த்த புரதம் பொதுவாக நன்றாகக் கரையும், குளுடாத்தயோன் மணிகளில் சுலபமாகப் பிடிபடும். ஆனால் அந்த வாலே பெரிது, எடை சுமார் 26 கிலோடால்டன். போதாக்குறைக்கு இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும். லைகேஸின் சுறுசுறுப்பை அதுவே கூட்டிக் காட்டலாம். யுபிக்விட்டின் வால்மேலேயே ஏறிவிடுவதும் உண்டு, அப்புறம் ஜெல்லில் தெரியும் புரதப் பட்டையைப் பார்த்துக் குழம்ப வேண்டியதுதான்.

ஹிஸ் வால் சின்னது, வழக்கமாக ஆறே ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள். அதைப் பிடிக்கும் நிக்கல் பிசினில் வேறு புரதங்களும் கொஞ்சம் ஒட்டும், அவ்வளவுதான்.

பிணைப்புச் சோதனைக்கு மட்டும் என்றால் ஜிஎஸ்டி சரி. வினைவேகம் அளக்க நான் ஹிஸ்தான் எடுப்பேன். எதுவானாலும், சித்திரை வெயிலில் சேலம் வந்து சேரும் பெட்டியில் உலர்பனி மிச்சமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.