ஹெட்லைட் பல்ப்: எல்இடியா, ஹாலோஜனா? முதலில் ஹோல்டரில் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள்

ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்று பல்ப் வாங்கப் போனால் ஐந்து வகை கண்ணில் படும். பழைய 55 வாட் ஹாலோஜன், அட்டையில் +30 முதல் +150 சதவீதம் வரை கூடுதல் வெளிச்சம் என்று போட்டிருக்கும் ஹாலோஜன், 100/90 வாட், எச்ஐடி கிட் (ஃபிலமென்ட் இல்லாமல் செனான் வாயுவில் எரியும் பல்ப்), எல்இடி. ரிஃப்ளெக்டர் வகை ஹெட்லைட் (பல்புக்குப் பின்னால் உள்ள வளைந்த வெள்ளிப் பூச்சே ஒளியைச் சாலைக்குத் திருப்பும்) உள்ள காருக்கு என் ஓட்டு சாதாரண ஹாலோஜனுக்கு, மிஞ்சிப்போனால் +30க்கு. கூடவே, தேவைப்பட்டால் ஒழுங்கான ரிலே வயரிங் வேண்டும். அதில் சுவிட்ச் சின்ன கரண்டில் ரிலேயை மட்டும் இயக்கும், பல்புக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராகப் போகும். எல்இடி போட்டு "பகல் மாதிரி இருக்கு" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் பழைய பல்புக்கு என்ன வோல்ட் போய்க்கொண்டிருந்தது என்று பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

வேண்டாதவற்றைச் சீக்கிரம் கழித்துவிடலாம். 100/90 வாட் பல்ப் ஹை பீமில் இரண்டுக்கும் சேர்த்து 15 ஆம்பியர் இழுக்கும். கம்பெனி வயரும் சுவிட்சும் 9 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டவை. முதலில் பிளாஸ்டிக் ஹோல்டர் பழுப்பாகி உருகும், பிறகு ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு மங்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டால், அப்புறம் வயரே ஃபியூஸ் வேலையைச் செய்யும். பெரும்பாலான நாடுகளில் சாலைக்கு அனுமதியும் இல்லை.

எச்ஐடி கிட்டின் காலம் முடிந்துவிட்டது. பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், முழு வெளிச்சம் வரச் சில விநாடிகள் ஆகும், எச்4 வகையில் (ஒரே பல்பில் டிம்மும் பிரைட்டும்) டிம்-பிரைட் மாற்ற ஒரு காந்தம் பல்பையே முன்னும் பின்னும் இழுக்கும். கம்பெனியிலிருந்தே 35 வாட் செனான் பல்ப் வைத்து வந்த கார்களில் தானாகச் சாய்வைச் சரிசெய்யும் மோட்டாரும் ஹெட்லைட் கண்ணாடியைக் கழுவும் பீச்சானும் இருந்தன. 2,000 லூமெனுக்கு மேற்பட்ட டிம் லைட்டுக்கு ஐரோப்பிய விதி அவற்றைக் கட்டாயமாக்கியிருந்தது. ஹாலோஜன் கூட்டுக்குள் கிட்டை மட்டும் திணித்தால் எதிரே வருபவர் கண் கூசிப்போகும். நீலப் பூச்சு பூசிய 5000 கெல்வின் ஹாலோஜனையும் விட்டுவிடலாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தை வடிகட்டித்தான் வெண்மை காட்டுகிறது.

மிச்சம் எல்இடியும் ஹாலோஜனும்.

எல்இடியின் நல்லது நிஜமானது. ஒரு பல்புக்குச் சுமார் 20 வாட் போதும், பேட்டரிக்கும் வயருக்கும் சுமை குறைவு. தரமானது பல ஆண்டு உழைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் சர்க்யூட். 9 முதல் 16 வோல்ட் வரை எது கிடைத்தாலும் பெரும்பாலான எல்இடிகள் ஒரே வெளிச்சம்தான் தரும். இந்தக் கடைசிக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

குறை, வெளிச்சம் புறப்படும் இடத்தில் இருக்கிறது. ஹாலோஜன் ஃபிலமென்ட் நான்கைந்து மில்லிமீட்டர் நீளம், ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன் உள்ள சுருள். 360 டிகிரியும் ஒளி விடும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்தச் சுருள் அந்தப் புள்ளியில்தான் இருக்கும் என்று நம்பிச் செதுக்கப்பட்டது. எல்இடியில் ஒரு பலகையின் இரண்டு பக்கமும் சிப்கள் இருக்கும். பலகை 2 மில்லிமீட்டரைத் தாண்டினாலே இரண்டு பக்க ஒளியும் மையத்தைவிட்டு விலகிவிடும். விளைவை இரண்டு இடத்தில் பார்க்கலாம். கட்-ஆஃப் கோட்டுக்கு (டிம் லைட்டின் வெளிச்சம் மேலே நின்றுபோகும் எல்லை) மேலே ஒளி சிந்தி எதிரே வருபவரைத் தாக்கும். தூரத்தில் விழவேண்டிய அடர்ந்த பகுதி கரைந்து காருக்கு முன்னால் பத்து மீட்டரில் பரவிக்கிடக்கும். முன்னால் பளிச்சென்று இருப்பதால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும், நூறு மீட்டரில் ஓரமாக நடந்துபோகிறவர் இன்னும் இருட்டாகத்தான் தெரிவார். எச்4 எல்இடியில் ஹை பீம்தான் கூடுதலாகச் சொதப்பும். ஒரே பலகையில் இரண்டு ஃபிலமென்ட்டின் இடத்தையும் நடிக்கவேண்டியிருக்கிறதே.

ஏற்கனவே வாங்கியாகிவிட்டது என்றால் சோதித்துப் பார்க்கச் சுவர் போதும். டயர் காற்று சரியாக வைத்து, ஓட்டுநர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, ஹெட்லைட் உயரத்தை மாற்றும் லெவலர் திருகியை 0வில் வைத்து, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹாலோஜன் டிம் லைட்டின் கோட்டை மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டிக் குறியுங்கள், அடர்ந்த பொட்டு எங்கே விழுகிறது என்றும் குறியுங்கள். பிறகு எல்இடியை மாட்டிப் பாருங்கள். சிப்கள் வலமும் இடமும், அதாவது கடிகாரத்தின் 3, 9 திசைகளில் பார்க்கவேண்டும். காலர் திருகித் தளர்த்தினால் சுழற்றலாம். அப்படியும் டேப்புக்கு மேலே புகைமாதிரி ஒளி தெரிந்தாலோ, பொட்டு கீழே இறங்கியிருந்தாலோ, அந்த எல்இடி அந்த ஹெட்லைட்டுக்கு ஒத்துவராது. ஹெட்லைட்டைக் கீழே இறக்கிச் சமாளிக்கலாம் என்பார்கள். கூச்சம் குறையும், தூரமும் சேர்ந்து போய்விடும்.

பின்பக்கத்துத் தொல்லைகள் வேறு. விசிறியும் ஹீட்சிங்கும் நீளமாக இருப்பதால் ரப்பர் மூடி சரியாக மூடாது, மழைக்காலத்தில் உள்ளே ஆவி பிடிக்கும். விசிறி நின்றுபோனால் சிப் சூடேறி வெளிச்சம் இறங்கும். சில கார்களில் எஃப்எம் ரேடியோ கரகரக்கும், "பல்ப் போய்விட்டது" என்று மீட்டரில் எச்சரிக்கை வரும். அட்டையில் 20,000 லூமென் என்று எழுதியிருந்தால் அட்டையைப் படிப்பதை அங்கேயே நிறுத்திவிடலாம். 25 வாட்டில் உருப்படியாக வருவது இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

லென்ஸ் வழியாக ஒளி வரும் புரொஜெக்டர் ஹெட்லைட்டில் என் எதிர்ப்பு பாதியாகக் குறைகிறது. கட்-ஆஃபை உள்ளேயிருக்கும் தகடே வெட்டிவிடுவதால் எதிரே வருபவருக்குத் தொல்லை குறைவு. ஆனால் தூரப் பொட்டு விழுகிறதா என்பதை அங்கேயும் சுவரில் பார்த்தே ஆகவேண்டும். ஜெர்மனியில் 2020ல் ஓஸ்ராம் கம்பெனியின் எச்7 (டிம்முக்கோ பிரைட்டுக்கோ ஒன்றுக்கு மட்டுமான பல்ப் வகை) எல்இடிக்குச் சாலை அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி எல்லாக் காருக்கும் கிடையாது. எந்தக் காரின் எந்த ஹெட்லைட் என்று பட்டியல் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஒளி எங்கே விழும் என்பது கூட்டுக்குக் கூடு மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உங்கள் ஊர் விதியையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஹாலோஜன் கூட்டில் எல்இடி கண்டால் தகுதிச் சான்று கிடைக்காது.

இனி ஹாலோஜன். எச்4 பல்ப் 13.2 வோல்ட்டில் டிம்மில் சுமார் 1,000 லூமென், பிரைட்டில் 1,650 தரவேண்டும் என்பது சர்வதேச விதி. எச்7க்கு 1,500. +150 போட்டாலும் இந்த மொத்தக் கணக்கு அவ்வளவாக மாறாது, விதி விடாது. அட்டையில் உள்ள சதவீதம், சாலையில் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் விதி கேட்கும் குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்ட கணக்கு. சுருளை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, உள்ளே செனான் வாயு நிரப்பி, ஃபிலமென்ட்டைக் கூடுதல் சூட்டில் எரியவிட்டு அந்த ஒரு இடத்தில் அடர்த்தி கூட்டுகிறார்கள். விலையாகக் கொடுப்பது ஆயுள். +130, +150 வகைகள் சாதாரண பல்பின் பாதி ஆயுளைக்கூட எட்டுவதில்லை.

இங்கேதான் வோல்ட் கணக்கு. ஹாலோஜன் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில் மாறும். 13.2க்குப் பதில் ஹோல்டரில் 11.9 வோல்ட் வந்தால், அதாவது பத்து சதவீதம் குறைந்தால், வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். 1,000 லூமென் 700 ஆகிவிடும், நிறமும் மஞ்சளாகும். வயதான கார்களில், அதுவும் ஹெட்லைட் கரண்ட் முழுக்க ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகவே போகும் வண்டிகளில், இந்த நஷ்டம் அபூர்வமல்ல. இப்போது எல்இடி டிரைவரின் குணத்தை நினைத்துப் பாருங்கள். 11.9லும் அது முழு வெளிச்சம் தருகிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குக் கண்ணில் பட்டது அரைப்பட்டினி ஹாலோஜன்.

அளப்பது சுலபம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். எஞ்சின் 1,500 சுற்றில் ஓடட்டும், டிம் லைட் எரியட்டும். பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், பல்பை விடுங்கள். அடுத்து பல்ப் மாட்டியபடியே ஹோல்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி செருகி அளக்கவேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாது, மீட்டர் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். பேட்டரி பாசிட்டிவுக்கும் ஹோல்டரின் பாசிட்டிவுக்கும் நடுவே ஒரு அளவு, பேட்டரி நெகட்டிவுக்கும் ஹோல்டரின் எர்த்துக்கும் நடுவே ஒரு அளவு. இரண்டும் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங்கைத் தொடாதீர்கள். எர்த் பக்கம் மட்டும் அதிகம் என்றால் ரிலே தேவையே இல்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி, புது ரிங் டெர்மினல் போட்டால் முடிந்தது. பாசிட்டிவ் பக்கம் ஒரு வோல்ட் தொலைகிறது என்றால்தான் ரிலே.

எச்4க்கு வேண்டியவை: டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஒவ்வொன்றாக 12 வோல்ட் 30 ஆம்ப் நான்குகால் ரிலே இரண்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்ப் ஃபியூஸ் ஹோல்டர் இரண்டு, செராமிக் பல்ப் ஹோல்டர் இரண்டு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 என்று எண் போட்ட காலுக்கு, 87 எண் காலிலிருந்து பல்புக்கு. கழற்றிய பழைய கனெக்டரின் டிம் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. பிரைட்டுக்கும் அதேபோல். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அதுவரையுள்ள வயருக்குக் காவல் இல்லை. ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்காது. வயரை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு வருடம் தாங்கும், கிரிம்ப் செய்து ஸ்லீவ் போட்டால் வண்டியோடு போகும். பல்பிலிருந்து வரும் எர்த் வயரும் அதே தடிமனில் இருக்கட்டும், மலிவான கிட்களில் கஞ்சத்தனம் அங்கேதான்.

இத்தனைக்குப் பிறகு ஹோல்டரில் 13.6 வோல்ட் வந்தால் அதே எச்4 டிம்மில் சுமார் 1,100 லூமென் தரும். பட்டினியில் 700 தந்த பல்ப். வாட் மாறவில்லை, கட்-ஆஃப் மாறவில்லை, எதிரே வருபவருக்குப் புதிதாகக் கூச்சமும் இல்லை. ஒன்றை மறைக்கக் கூடாது. வோல்ட் ஏறினால் ஆயுள் அதைவிட வேகமாக இறங்கும், 13.6ல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். அதனால்தான் ரிலே போட்ட வண்டிக்கு +150 வேண்டாம் என்கிறேன். ஏற்கனவே விளிம்பில் எரிகிற ஃபிலமென்ட் அது. சாதாரணமோ +30ஓ போதும்.

மாட்டும்போது பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. பட்டால் ஸ்பிரிட்டில் துடையுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய்க்கறை சூட்டில் குவார்ட்ஸைக் கெடுக்கும். எச்4 தட்டில் மூன்று காதுகள், அகலமானது மேலே. எச்7ல் தட்டின் வெட்டு கூட்டின் வெட்டோடு உட்காராமல் கிளிப்பை அழுத்திவிட்டால் பல்ப் சாய்ந்தே நிற்கும். புது பல்ப் போட்டும் வெளிச்சம் மோசம் என்ற புகார் பல சமயம் இதுதான். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஹெட்லைட்டின் முன்மூடி மஞ்சளாகிப் போயிருந்தால் எந்த பல்ப் வாங்குவதற்கும் முன்னால் 1000, 2000, 3000 எண் உப்புத்தாளை நனைத்து அதைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, யுவி பூச்சு பூசுங்கள்.

ரிலே ஒத்துவராத கார்களும் உண்டு. சில ஜப்பானிய எச்4 கார்களில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். நடுப் பொதுக்காலில் எப்போதும் 12 வோல்ட் வரும், டிம்மும் பிரைட்டும் எர்த்தாக மாறி மாறிக் கிடைக்கும். சாதாரணக் கிட்டை அங்கே செருகினால் விளக்கு எரியாது, அதற்கென்றே கம்பி மாற்றிய கிட் வேண்டும். புதிய கார்களில் கணினிப் பெட்டியே ஹெட்லைட்டைத் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் கொடுத்து 13.2 வோல்ட் அளவில் வைத்திருக்கும். அங்கே ரிலே டகடகவென்று துடிக்கும், மலிவான எல்இடி மினுக்கும், இரண்டுக்கும் எச்சரிக்கை விளக்கு வரும். அந்த மாதிரி வண்டிக்குத்தான் +130 சரியாகப் பொருந்தும். வோல்ட் கட்டுக்குள் இருப்பதால் அதன் குறைந்த ஆயுளாவது முழுதாகக் கிடைக்கும். கழற்றிய பழைய ஜோடியை அட்டையோடு டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள், இந்த வகை போகும்போது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டுமே போகும்.