பல்கலைக்கழகத் தொலைநோக்கியில் கேலக்ஸி பிடிப்பது: சில ஆண்டு அனுபவம்

பல்கலைக்கழக வானியல் துறை ஒன்றின் 60 செ.மீ. ரிச்சி-கிரெட்டியன் (இரண்டு வளைந்த கண்ணாடிகளால் ஒளியைக் குவிக்கும் வகை) தொலைநோக்கியில், ஆய்வு வேலை இல்லாத இரவுகளில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. சொந்தமாக ஒரு 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியும் வைத்திருக்கிறேன். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய கண்ணாடி கிடைத்துவிட்டதால் வானத்தில் இருப்பதையெல்லாம் அள்ளிவிடலாம் என்று வந்தால் ஏமாற்றம்தான். பலரும் ஆசைப்பட்டுக் கேட்கும் படங்களை என் சின்னத் தொலைநோக்கியே இதைவிட நன்றாக எடுக்கும்.

காரணம் எளிய கணக்கு. பல்கலைக்கழகத் தொலைநோக்கி எஃப்/8, அதாவது குவியத்தூரம் கண்ணாடியின் விட்டத்தைப் போல எட்டு மடங்கு, 4800 மி.மீ. பின்னால் இருப்பது 4096க்கு 4096 பிக்சல் கொண்ட கறுப்பு வெள்ளை சிசிடி (ஒளியைப் பதியும் சென்சார்), ஒவ்வொரு பிக்சலும் 9 மைக்ரான். ஆக, ஒரு பிக்சலுக்கு 0.39 ஆர்க்செகண்ட், மொத்தச் சட்டமும், அதாவது ஒரு படத்தில் அடங்கும் வானப்பரப்பும், 26 ஆர்க்மினிட்தான் (ஒரு டிகிரி 60 ஆர்க்மினிட், ஒரு ஆர்க்மினிட் 60 ஆர்க்செகண்ட்). முழு நிலவே அதற்குள் அடங்காது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி வானத்தில் 3 டிகிரிக்கு நீண்டு கிடக்கிறது; கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட 2 டிகிரி. ஆண்ட்ரோமெடாவை எடுத்தால் மையமும் அதைச் சுற்றிய மூட்டமும் மட்டும் கிடைக்கும். பார்ப்பவர்கள் "இது என்ன, பனியா?" என்பார்கள்.

இதற்கு நேர்மாறு கோளக் கொத்துகள், உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டங்கள். ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் இருக்கும் எம்13 இந்தச் சட்டத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்காரும். சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவில் பல லட்சம் விண்மீன்கள். என் லென்ஸில் நடுப்பகுதி ஒரே மாவுருண்டை. பெரிய தொலைநோக்கியில் 30 விநாடி எக்ஸ்போஷரிலேயே நடுமையம் வரைக்கும் விண்மீன்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். நான் பெரும்பாலும் 30 விநாடியில் ஒரு கட்டும் 5 நிமிடத்தில் ஒரு கட்டும் எடுத்துக்கொள்கிறேன். குறுகியது மையத்துக்கு, நீண்டது வெளிப்புறத்து மங்கல் விண்மீன்களுக்கு. 5 நிமிடப் படத்தில் பிரகாசமான சிவப்பு ராட்சத விண்மீன்கள் ஒரு பிக்சல் பதியக்கூடிய 65,535 என்ற உச்சவரம்பில் முட்டிவிடும். முட்டிய பிக்சலில் நிறம் என்று ஒன்றும் மிஞ்சாது, வெறும் வெள்ளைதான். குறுகிய படத்திலிருந்துதான் அந்த ஆரஞ்சு நிறத்தை மீட்க வேண்டும். எம்13ஐ நட்டநடுவே வைக்காமல் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளினால் ஐசி 4617 என்ற குட்டிக் கேலக்ஸியும் மூலையில் வந்துவிடும். கொத்து நம் பால்வழிக்கே சொந்தம், அந்தக் கீற்றோ பல கோடி ஒளியாண்டு தள்ளி. அதற்காகவே ஓரமாக வைப்பவன் நான்.

அப்புறம் ஃபில்டர் விஷயம். படம் எடுப்பவர்கள் பழகிய சிவப்பு-பச்சை-நீல ஃபில்டர்கள் இங்கே இல்லை. சக்கரத்தில் இருப்பது ஜான்சன்-கசின்ஸ் தொகுப்பு: யு, பி, வி, ஆர், ஐ (புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை வரிசையாக). ஒளி அளவீட்டுக்காக வகுக்கப்பட்டவை. பி-யை நீலமாகவும் வி-யைப் பச்சையாகவும் ஆர்-ஐச் சிவப்பாகவும் வைத்து நிறப்படம் செய்யலாம், வேலை நடக்கும். ஆனால் இவற்றின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடப்பதால் நிறம் முதலில் சோகையாகத்தான் வரும். பி-யில் சென்சாரின் உணர்திறனும் குறைவு என்பதால் அதற்கு மட்டும் மற்றவற்றைப் போல இருமடங்கு நேரம் ஒதுக்குகிறேன். நிலவு இருக்கும் இரவில் பி எடுப்பது வீண். அன்றைக்கு ஆர், ஐ இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் எரிச்சலூட்டிய இந்த ஃபில்டர்கள்தான் போகப்போக எனக்கு இங்கே மிகவும் பிடித்துப்போனவை. எம்13ஐ அழகுக்காக எடுத்த அதே பி, வி கோப்புகளில் ஒவ்வொரு விண்மீனின் பிரகாசத்தையும் அளந்து, இரண்டின் வித்தியாசத்தைக் கிடையாகவும் வி-யைச் செங்குத்தாகவும் புள்ளி வைத்தால் கொத்தின் நிற-பிரகாச வரைபடம் வந்துவிடுகிறது. மேலே வலப்பக்கம் ஏறிப்போகும் சிவப்பு ராட்சதக் கிளை, இடப்பக்கம் நீலமாக நீளும் கிடைக்கிளை, இரண்டும் பளிச்சென்று தெரியும். படத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளுக்கு நடுவே நீலப்புள்ளிகள் ஏன் சிதறிக்கிடக்கின்றன என்பதற்கு அந்த வரைபடம்தான் விடை: நீலமாக இருப்பவை இளசுகள் இல்லை, ராட்சதப் பருவத்தைத் தாண்டி மையத்தில் ஹீலியம் எரிக்கும் கிழங்கள். வண்ணக் கேமராவில் இந்த அளவு சுத்தமான எண்கள் சுலபத்தில் கிடைக்காது.

எண்கள் சுத்தமாக வர ஃபிளாட் படங்கள் (தூசியையும் வெளிச்ச ஏற்றத்தாழ்வையும் சரிசெய்யச் சீரான வானத்தை எடுப்பவை) சரியாக அமைய வேண்டும். அந்தியில் வானம் போதிய வெளிச்சத்தோடு இருப்பது கொஞ்ச நேரம்தான். மாலையில் யு, பி போன்ற ஒளி குறைவாக வாங்கும் ஃபில்டரில் தொடங்கி, இருட்ட இருட்ட வி, ஆர் என்று போக வேண்டும். விடியற்காலையில் எடுத்தால் இந்த வரிசை தலைகீழ். பிக்சல்களில் பதியும் சராசரி எண்ணிக்கை 25,000 முதல் 30,000 வரை இருந்தால் போதும். ஒவ்வொரு படத்துக்கும் இடையே தொலைநோக்கியைச் சற்று நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மெல்லத் தெரியத் தொடங்கும் விண்மீன்கள் ஃபிளாட்டிலேயே பதிந்துவிடும். ஃபில்டரில் ஒட்டிய தூசி படத்தில் வளையமாக விழும். நடுவே துணைக்கண்ணாடி மறைக்கும் ஒளிக்கற்றையின் நிழல் அது. ஃபிளாட் ஒழுங்காக இருந்தால் வளையம் தடமில்லாமல் போய்விடும். டார்க் படங்கள் (சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க ஒளி விழாமல் எடுப்பவை) பற்றிக் கவலையே இல்லை: சென்சார் எப்போதும் மைனஸ் 30 டிகிரியில் நிற்கிறது, ஆய்வாளர்கள் எடுத்து வைத்த டார்க் தொகுப்பே கிடைக்கிறது.

கேலக்ஸிகளில் எனக்குப் பிடித்தது என்ஜிசி 891. சுமார் 3 கோடி ஒளியாண்டுத் தொலைவில், விளிம்பை நமக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நீளம் 13 ஆர்க்மினிட் சொச்சம், சட்டத்தில் பாதி. நடுவே ஓடும் தூசிப்பட்டை நல்ல இரவில் வெறும் கறுப்புக் கோடாக இருக்காது; அதிலிருந்து மேலும் கீழும் இழை இழையாகக் கிளம்புவது தெரியும். காற்று அமைதியாக இல்லாத இரவில், அதாவது விண்மீனின் அகலம் 3 ஆர்க்செகண்டைத் தாண்டினால், அந்த இழைகளை மறந்துவிடலாம். அப்போது 0.39 என்ற நுணுக்கத்துக்கும் அர்த்தமில்லை. பிக்சல்களை இரண்டுக்கிரண்டாகச் சேர்த்து 0.77 ஆக்கிக்கொள்கிறேன், ஒன்றும் நஷ்டமில்லை.

தடங்கல் என்று பார்த்தால் ஒன்றுதான், ஆனால் அது பெரியது: நேரம் நம்முடையது இல்லை. 2023 மே மாதம் எம்101 கேலக்ஸியில் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் சூப்பர்நோவாவை ஜப்பானின் கோயிச்சி இடாகாகி கண்டுபிடித்தபோது, எனக்கென்று ஒதுக்கியிருந்த இரவுகள் ஒரே மின்னஞ்சலில் போய்விட்டன. எரிச்சலாக இருந்தது, பொய் சொல்லவில்லை. சுமார் 2 கோடி ஒளியாண்டு தூரத்தில் இப்படியொன்று வெடித்தால் துறையினர் அந்த இரவுகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நியாயம்தான். வேடிக்கை என்னவென்றால், வெடிப்புக்கு முன் நான் எடுத்திருந்த எம்101 படங்களை, சட்டத்தில் முழுசாக அடங்காமல் சுருள்கைகள் வெட்டுப்பட்டவை என்று நான் ஒதுக்கிவைத்திருந்தவற்றை, ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இதனால்தான் நேரம் கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை. "அழகான படம் எடுக்க" என்று மட்டும் எழுதாதீர்கள். இலக்கின் அளவு ஆர்க்மினிட்டில், அது உச்சியை நெருங்கும் நேரம், எந்தெந்த ஃபில்டரில் எவ்வளவு எக்ஸ்போஷர் என்று போட்டு, அளவுதிருத்திய ஃபிட்ஸ் (வானியலில் வழங்கும் படத்தரவு வடிவம்) கோப்புகளைத் துறைக்கே திருப்பித் தருவதாகவும் ஒரு வரி சேருங்கள். மேகமோ நிலவோ குறுக்கிட்டால் எடுக்கக்கூடிய மாற்று இலக்கு ஒன்றையும் கீழே குறித்துவிடுங்கள். காலியான இரவை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் முதலில் பார்ப்பது கோப்புகளைத் திருப்பித் தருவது பற்றிய அந்த வரியைத்தான்.