சின்ன மில்லிங் மெஷினுக்கு மலிவு டிஜிட்டல் ஸ்கேல்: வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், வீட்டு கராஜில் கிடக்கும் உலோகம் செதுக்கும் என் சின்ன மில்லிங் மெஷினுக்குச் சீனத்துக் கண்ணாடி ஸ்கேல் இரண்டும் டிஸ்ப்ளேயும் மாட்டியாச்சு, கொடுத்த காசுக்கு மோசமில்லை. மெஷினின் மேசை நகர்வதையே ஸ்கேல் நேரடியாக அளப்பதால், மேசையை நகர்த்தும் ஸ்க்ரூவின் பேக்லாஷ் (திசை மாற்றும்போது மேசை நகராமல் ஸ்க்ரூ மட்டும் சுற்றும் தளர்வு) அளவைக் கெடுக்காது. 0.005 மி.மீ. வரை காட்டும், சரி, அதற்காக மெஷின் அவ்வளவு நுணுக்கமாக வெட்டிவிடாது.

கூட வந்த பிராக்கெட்டுகள் சுத்த வேஸ்ட். அலுமினியப் பட்டையில் நானே செய்துகொண்டேன். டயல் இண்டிகேட்டர் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, ஸ்கேலை மேசை ஓடும் திசைக்கு இணையாக நிறுத்துவதில்தான் பாதி நேரம் போகும், அதில் மட்டும் அவசரப்படாதீர்கள். அப்புறம், ரப்பர் சீல் இருக்கும் திறப்பு கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லையென்றால் இரும்புத் தூளும் கூலன்டும் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விக்கும் திரவம்) உள்ளே இறங்கிவிடும்.

டிஜிட்டல் காலிப்பர் (கையில் பிடித்து அளக்கும் கருவி) மாதிரி வேலை செய்யும் ஸ்கேல் இன்னும் மலிவுதான், ஆனால் ஈரம் பட்டால் எண்கள் தாறுமாறாக ஓடும். டர்பன் புழுக்கத்துக்கு எனக்கு அது வேண்டாம்.