இத்தாலியக் குடும்பப்பெயர் தேட ‘அந்தெனாத்தி’ தளம்: பயன்படுத்திப் பார்க்க விரும்புவோருக்கு

கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்க இத்தாலியர்கள் வருகிறார்கள். தரையில் கிடக்கும் அவர்கள் நாட்டுப் பளிங்கைக் காட்டிவிட்டு, “உங்கள் பெயருக்கு என்ன பொருள்?” என்று வழிகாட்டி கேட்டால் போதும், பேச்சு நீளும். பொருள் சொல்லும் இணையப் பக்கங்கள் ஏராளம். அவற்றோடு நின்றுவிட்டால் ஒரு குடும்பத்தையும் அடையாளம் காண முடியாது. இத்தாலியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத் துறை இலவசமாக நடத்தும் அந்தெனாத்தி (Antenati) தளம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ‘முன்னோர்’ என்பது அந்தச் சொல்லின் பொருள். பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை ஏடு ஏடாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

செட்டிநாட்டு நகரத்தார் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்தத் தளத்தின் போக்கு சீக்கிரம் பிடிபடும். இங்கே ராமநாதன் என்று மட்டும் சொன்னால் யாருக்கும் ஆள் தெரியாது. ஊர், கோயில், விலாசம் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்து வரிசை) மூன்றும் வேண்டும். க.வெ.அழ.ராம. என்று வந்த பிறகுதான் வள்ளல் அழகப்பர் யார் வீட்டுப் பிள்ளை என்பது விளங்கும். இத்தாலியிலும் பெயரைவிட ஊர்தான் திறவுகோல்.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடுவோம். ரோஸ்ஸி என்றால் சிவந்த தலைமுடிக்காரர் வழி வந்தவர்கள். தெற்கே அதுவே ருஸ்ஸோ ஆகிறது. வட, நடு இத்தாலியில் பெயர்கள் பெரும்பாலும் ‘இ’யில் முடிவது பன்மையால், நம் ‘வகையறா’ போல என்று வைத்துக்கொள்ளலாம். பெராரி, பாப்ரி, பெரேரோ எல்லாம் கொல்லர் பெயர்கள். சார்த்தோரி தையல்காரர், மொலினாரி மாவரைக்கும் ஆலைக்காரர், மன்சீனி இடதுகைக்காரர். பிராஸ், மெலிஸ் என்று ‘ஸ்’ஸில் முடிந்தால் சார்தீனியத் தீவு, த்ரெவிசான் போல ‘ன்’னில் முடிந்தால் வெனிஸ் வட்டாரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊர்ப்பெயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லொம்பார்தி என்ற பெயரைக் கண்டதும் வட இத்தாலியின் லொம்பார்தியா பகுதியில் தேடப் போகக்கூடாது. காரைக்குடியில் யாரையும் காரைக்குடியார் என்று கூப்பிடுவதில்லை. வேறு ஊரில் போய்க் கடை போட்டவருக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். லொம்பார்தியும் அப்படி ஊரை விட்டு வந்தவருக்குப் பக்கத்தார் வைத்த பெயர்.

எஸ்போசித்தோ என்ற பெயரைக் கவனமாகக் கையாள வேண்டும். ‘வெளியே விடப்பட்டவர்’ என்பது பொருள். நேப்பிள்ஸின் அன்னுன்சியாத்தா அனாதைக் குழந்தைகள் இல்லத்துச் சுவரில் இருந்த சுழல்பெட்டியில் விடப்பட்ட குழந்தைகளுக்கு இந்தப் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெட்டியை 1875இல் மூடினார்கள். மிலானில் கொலம்போ, புளோரன்ஸில் இன்னொசெந்தி ஆகியவற்றுக்கும் இதே பின்னணி உண்டு. ஆனால் கொலம்போ என்ற எல்லாருமே அப்படி வந்தவர்கள் அல்லர். வம்சாவளி இப்படி ஒரு குழந்தையிடம் போய் நின்றால் அதற்கு மேல் தேட வழி பெரும்பாலும் இருக்காது. விருந்தினரிடம் இதை எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டாம்.

இனி தளம். இரண்டு வழியாகத் தேடலாம்: ஆள் பெயரால், அல்லது ஊரால். ஆள் பெயரால் தேடினால் அட்டவணை போட்டு முடித்த பதிவேடுகளில் மட்டுமே தேடும். ஒன்றும் வரவில்லை என்பதற்காக ஆளே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஊரால் தேடுவதே நம்பகம். மாகாணம், ஊர், ஆண்டு, பதிவின் வகை என்று தேர்ந்தெடுத்து, ஏட்டின் கடைசிப் படங்களுக்குப் போனால் அந்த ஆண்டின் அகரவரிசைப் பட்டியல் பெரும்பாலும் அங்கே இருக்கும். பழைய ஏடுகள் சிலவற்றில் குடும்பப்பெயருக்குப் பதிலாகச் சொந்தப் பெயரால் வரிசைப்படுத்தியிருப்பார்கள். ‘ர’ வரிசையில் ருஸ்ஸோ இல்லையென்றால் ‘ஜ’ வரிசையில் ஜுசெப்பேயைப் பாருங்கள்.

தளத்தின் பெரிய சொத்து திருமண இணைப்புக் கட்டுகள். மணமக்களின் பிறப்புச் சான்று, பெற்றோர் இறந்திருந்தால் அவர்கள் இறப்புச் சான்று, சில கட்டுகளில் தாத்தாவின் இறப்புச் சான்றுகூட இருக்கும். நம் இசைகுடிமானம் (நகரத்தார் திருமணப் பதிவு) ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு சொல்லுமோ அவ்வளவு சொல்லும். ஒரே கட்டில் மூன்று தலைமுறை கிடைக்கும்.

வாசிக்கும்போது தடுக்கி விழும் இடங்கள் சில. ‘தி (di) அந்தோனியோ’ என்றால் தந்தை அந்தோனியோ உயிரோடு இருக்கிறார். ‘ஃபூ (fu) அந்தோனியோ’ என்றால் காலமாகிவிட்டார். ஒரு பதிவில் ‘தி’, அடுத்த பதிவில் ‘ஃபூ’ என்றால் அவர் இறந்தது அந்த இடைவெளியில். தலைமகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைக்கும் பழக்கம் நமக்கு இருப்பதுபோல் தென் இத்தாலியிலும் உண்டு. அதனால் ஒரே ஊரில் ஒரே வயதில் நான்கு ஜுசெப்பே ருஸ்ஸோக்கள் இருப்பார்கள்; அவர்களைப் பிரித்துக் காட்டுவது இந்தத் ‘தி’, ‘ஃபூ’தான். 7 என்று எழுதி ஒட்டாக ‘ப்ரெ’ (bre) போட்டிருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள் என்பதால் தாய்வழியைத் தொடர்வது சுலபம்.

குறைகளும் உண்டு. ஆங்கிலத்தில் தளத்தைப் பார்க்கலாம், ஏடுகள் இத்தாலியக் கையெழுத்தில்தான். எல்லா மாகாணமும் ஒரே அளவில் ஏறவில்லை. தெற்கே நேப்பிள்ஸ் அரசுப் பகுதியில் பதிவு 1809இல் தொடங்கித் தொடர்ச்சியாக வருகிறது. வடக்கே பல இடங்களில் நெப்போலியன் ஆட்சிக்குப் பின் இடைவெளி விழுந்து, நாடு முழுவதற்குமான பதிவு 1866இல்தான் தொடங்குகிறது, வெனிஸ் பக்கம் 1871இல். அதற்கு முந்தியதற்குக் கத்தோலிக்கக் கோயில்களின் பங்கு ஏடுகள் வேண்டும். 1563இல் முடிந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்தின் ஆணையால் அவை பரவலாயின. குடும்பப்பெயர்கள் கெட்டிப்பட்டதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. 1680இல் கஸ்திலியோனேயில் பிறந்த வீரமாமுனிவரின் பெஸ்கி குடும்பத்தைத் தேட நினைப்பவர் இந்தத் தளத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பங்கு ஏடுகளுக்கே போக வேண்டும்.

இந்த வேலைக்கு 5க்கு 4 கொடுக்கலாம். குடும்பப்பெயருக்குக் கேடயச் சின்னம் அச்சடித்துப் பணம் வாங்கும் கடைகளுக்கு ஒன்றும் கொடுக்க முடியாது. சின்னம் ஒரு வம்சத்துக்கு உரியது, அந்தப் பெயருள்ள எல்லாருக்கும் அல்ல. அந்தெனாத்தியில் ஓர் ஏட்டைத் திறந்ததும் ஊர், ஆண்டு, பட எண் மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் நிலையான இணைப்பையும் நகலெடுத்து வைத்தால், மறுநாள் அதே பக்கத்துக்கு நேராகத் திரும்பலாம்.