டோஜ், ஷிபா, நேற்றுப் பிறந்த காயின்: விற்கப் போனால் யார் வாங்குவார்?

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். கையில் 50,000 ரூபாய் இருக்கிறதாம், மூன்று கிரிப்டோ காயின்களைக் குறித்து வைத்திருக்கிறான். டோஜ்காயின், ஷிபா இனு, அப்புறம் டெலிகிராம் குரூப்பில் யாரோ சொன்ன, பிறந்து நாலு நாள்கூட ஆகாத ஒன்று. "மாமா, மூணுல எது நல்லா ஏறும்?"

"ஏறுறத விடு மக்கா, விக்கப் போகும்போ யாரு வாங்குவான்னு பாரு" என்றேன். போனில் அதை முழுதாக விளக்க முடியவில்லை. அவனைப் போல இந்தப் பக்கம் நிறையப் பிள்ளைகள் இதே கேள்வியோடு இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

தோவாளையில் முகூர்த்த நாளில் பிச்சிப்பூ விலை கண்டபடி ஏறும், மறுநாளே சரியும். ஆனாலும் அந்த விலைக்குப் பின்னால் கல்யாண வீடும் கோயிலும் இருக்கின்றன. குலசேகரத்தில் ரப்பர் விலை விழுந்தால் ஷீட்டை உலர்த்தி அடுக்கிவைத்துக் காத்திருக்கலாம், டயர் கம்பெனிக்கு ரப்பர் வேண்டியிருக்கிறது. இந்த மூன்றையும் போல இணையக் கேலியை வைத்து வரும் மீம் காயினுக்கு அப்படி ஒரு தேவை இல்லை. ஒரு நாய்ப் படமோ பிரபலத்தின் பெயரோ இருக்கும், அதைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். நாம் வாங்கியதைவிடக் கூடுதல் விலைக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாங்க வந்தால்தான் நமக்கு லாபம்.

முதலில் டோஜ். பில்லி மார்கஸ், ஜாக்சன் பால்மர் என்ற இருவர் 2013 டிசம்பரில் விளையாட்டாகத் தொடங்கியது. இதற்குச் சொந்தமாக ஒரு பிளாக்செயின், அதாவது யாரிடம் எவ்வளவு காயின் என்று எழுதும் பொதுக் கணக்குப் புத்தகம், உண்டு. உலகம் முழுக்கப் பலர் கணினி ஓட்டி அதைக் காக்கிறார்கள், ஒரு ஆள் நினைத்தால் மூடிவிட்டுப் போக முடியாது. காயின் வாங்கி விற்கும் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் எல்லா நேரமும் வாங்க ஆள் இருக்கிறது. என் கேள்விக்கு மூன்றில் ஓரளவு பதில் சொல்லும் காயின் இதுதான்.

ஆனால் பிட்காயின் மொத்தமே 2.1 கோடி என்று கணக்கு இருப்பதுபோல் டோஜுக்கு உச்சவரம்பு கிடையாது. நிமிடத்துக்குச் சுமார் 10,000, வருடத்துக்கு 500 கோடிக்கும் மேல் புதிதாக வந்துகொண்டே இருக்கும். இப்போதைய விலை நிற்பதற்கே அவ்வளவு காயினையும் வாங்கப் புதுப் பணம் வேண்டும்.

2021 மே மாதத் தொடக்கத்தில் எலான் மஸ்க் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தோன்றப் போகிறார் என்ற பரபரப்பில் டோஜ் 70 சென்ட்டைத் தாண்டியது. நிகழ்ச்சி ஓடும்போதே சரியத் தொடங்கிவிட்டது. அந்த நாட்களில்தான் நானும் சீட்டு எடுத்த பணத்தில் 40,000 ரூபாய் போட்டேன். அடுத்த வருட ஜூனில் விற்றபோது கைக்கு வந்தது நாலாயிரத்துக்கும் குறைவு. இடையில் ஒரு வருடம் காலையில் எழுந்ததும் போனைத்தான் பார்த்தேன், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பணம் போனதைவிட அந்த வருடம்தான் இன்னும் வலிக்கிறது. இந்த மூன்றிலும் நல்லது என்று நான் சொல்லும் காயினின் கதையே இது.

அடுத்து ஷிபா. 2020 ஆகஸ்டில் ரியோஷி என்ற புனைபெயரில் யாரோ உருவாக்கியது. சொந்த பிளாக்செயினில் பிறந்ததல்ல, எத்தீரியம் என்ற வேறொரு பிளாக்செயினின் மேல் ஓடும் காயின், இதை டோக்கன் என்பார்கள். உருவாக்கிய டோக்கன்களில் பாதியை எத்தீரியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரினுக்கு அனுப்பினார்கள். அவர் 2021 மே மாதத்தில் அதில் பெரும்பகுதியை அழித்தார், ஒரு பங்கை இந்தியாவின் கொரோனா நிவாரணத்துக்குக் கொடுத்தார்.

ஷிபாவில் நம் பிள்ளைகளை இழுப்பது அதன் சில்லறை விலை. "ஒரு ரூபாய்க்கே நிறையக் கிடைக்குது மாமா, ஒரு காயின் ஒரு ரூபாய் ஆனாப் போதும்!" சரி, ஆகட்டும். புழக்கத்தில் இருப்பவை சுமார் 589 லட்சம் கோடி டோக்கன்கள். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் என்றால் மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபாய். 2024-25ல் இந்தியா முழுவதும் சேர்ந்து உற்பத்தி செய்ததன் மதிப்பே சுமார் 330 லட்சம் கோடிதான். ஒரு காயினின் விலை எத்தனை பைசா என்று பார்ப்பதில் பயனில்லை. எத்தனை காயின் இருக்கிறது என்பதோடு பெருக்கிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையான பயம். 2024 ஜனவரியில் சொலானா என்ற இன்னொரு பிளாக்செயினில் வந்த பம்ப் ஃபன் போன்ற தளங்களில் கோடிங் தெரியாதவர்கூடச் சில நிமிடங்களில் காயின் உருவாக்கலாம். இது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு பொதுப் பானையில் ஒரு பக்கம் புதுக் காயினும், மறுபக்கம் அந்த பிளாக்செயினின் சொந்தக் காயினான சொலானா போல மதிப்புள்ள ஒன்றும் இருக்கும். நீ சொலானாவைப் போட்டுப் புதுக் காயினை எடுக்கிறாய், எடுக்க எடுக்க விலை ஏறும். திரையில் எல்லாருடைய காயினுக்கும் சேர்த்து ஒரு கோடி என்று காட்டலாம். பானையில் இருக்கும் சொலானா 10 லட்சத்துக்குத்தான் என்றால், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட யாருக்கும் கிடைக்காது. முதலில் விற்பவர் அள்ளிக்கொண்டு போவார். பெரும்பாலும் அவர் உருவாக்கியவராகவோ, குரூப்பில் உனக்குச் சொல்வதற்கு முன்பே வாங்கியவராகவோ இருப்பார்.

வாங்கலாம், விற்க முடியாது என்று எழுதப்பட்ட காயின்களும் உண்டு. ஸ்க்விட் கேம் தொடரின் பெயரில் வந்த டோக்கன் 2021 நவம்பர் 1 அன்று 2,800 டாலருக்கு மேல் காட்டியது. வாங்கியவர்கள் பலரால் விற்கவே முடியவில்லை. சில நிமிடங்களில் விலை ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது, நடத்தியவர்கள் பணத்தோடு மறைந்தார்கள்.

பெரிய மனிதர் பெயர் இருந்தால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2025 ஜனவரியில் வந்த டிரம்ப் காயினில் 80 சதவீதம் அவர் சார்ந்த நிறுவனங்களிடமே இருந்தது. உச்சத்தில் 70 டாலரைத் தாண்டியது, சில மாதங்களில் பத்துக்கும் கீழே வந்தது. அடுத்த மாதம் அர்ஜென்டினா அதிபர் மிலே ஆதரித்துப் பதிவிட்ட லிப்ரா என்ற காயின் சில மணி நேரத்திலேயே 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

வரி விஷயத்தில் மூன்றும் ஒன்றுதான். 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. டோஜில் 20,000 லாபம், ஷிபாவில் 20,000 நஷ்டம் என்றால் கையில் மிச்சம் எதுவும் இல்லை, ஆனாலும் வரி 6,240 ரூபாய்.

கடைசியில் அந்த 50,000 எங்கிருந்து வந்தது என்று அவனிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான், 30,000 அக்காவின் வளையலை மீட்க வைத்த பணம். நாளைக்கே போய் மீட்கச் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தில் 2,000 ரூபாய்க்கு மட்டும் டோஜ் வாங்கிப் பார்க்கிறேன் என்கிறான். வாங்கட்டும். வாங்கிய அன்றே அதில் 500 ரூபாய்க்கு விற்று, பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகு எனக்கு ஒரு போன் செய்யச் சொன்னேன்.