நாலு டிக்கெட்டா, ஒரு ஜோடி ஸ்பீக்கரா?

போன வருடக் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெரிய இசைக் கச்சேரி ஒன்று ஊருக்கு வந்தது. நடு வரிசை டிக்கெட் ஆளுக்கு 2,500 ரூபாய். அம்மா, மனைவி, மகள், நான் என நாலு பேருக்குப் பத்தாயிரம் ஆகிவிடும். அதே கச்சேரி சில வாரங்களில் டிவியில் வரும் என்றும் அறிவித்திருந்தார்கள். இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் டிக்கெட் எடுக்கவில்லை. அந்தப் பணத்தோடு இன்னும் இரண்டாயிரம் போட்டு டிவிக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். இன்று கேட்டாலும் இதையேதான் செய்வேன்.

நேரில் போவதன் சுகம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே பல்லவியைச் சேர்ந்து பாடும்போது உடம்பு சிலிர்க்கிறதே, அது எந்த டிவியிலும் வராது. பார்க்கிங், கழிவறை வரிசை, நள்ளிரவில் ஆட்டோ தேடுவது எல்லாம் எதிர்ப்பக்கம். இவற்றைப் பற்றி வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. எனக்கு முடிவைத் தந்தது காது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு திறந்தவெளி மைதானத்தில் நடந்த கச்சேரிக்குப் போயிருந்தேன். மேடையிலிருந்து 120 மீட்டர் தள்ளி இடம். ஒரு பாட்டின் இடையிசையில் புல்லாங்குழல் தனியாக வந்தது. பெரிய திரையில் கலைஞரின் முகம் மிக நெருக்கத்தில். அவர் குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார். கடைசி ஸ்வரம் அதற்குப் பிறகுதான் என் காதுக்கு வந்து சேர்ந்தது. ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் அதை மறக்கவே முடியாது. மிச்சக் கச்சேரி முழுக்கக் கண் ஒரு தாளத்திலும் காது ஒரு தாளத்திலுமாக உட்கார்ந்திருந்தேன்.

காரணம் எளிது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 120 மீட்டரைக் கடக்க வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கும், படமோ உடனே வந்துவிடும். பின்னால் இருப்பவர்களுக்காக நடுவில் கோபுரம் போல நிறுத்தி ஸ்பீக்கர் தொங்கவிடுவார்கள். மேடை ஒலி அங்கே வந்து சேரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, அந்த ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்தி ஒலிக்கவிட வேண்டும். கணக்கு சரியாக அமைந்தால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். எங்கள் பக்கம் அமையவில்லை. டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை விழுந்தது. கீழ்ஸ்தாயி எல்லாம் ஒரே ‘ங்ங்’ என்ற முழக்கமாகக் கலங்கிப் போனது.

சில பாடல்களுக்கு இதெல்லாம் பெரிய நஷ்டமில்லை. இளையராஜா பாடல்களுக்கு முழு நஷ்டம். அவர் பாட்டில் பேஸ் கிடார், அதாவது கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் கிடார், வெறும் தாளத்துக்குத் துணையாக நிற்பதில்லை, அதுவே இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். 1982-ல் வந்த ‘இளைய நிலா’வில் எல்லோரும் சந்திரசேகரின் கிடாரைச் சொல்வார்கள். அதற்கு அடியில் பேஸ் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒருமுறை அதை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். வயலின் கூட்டமும் அப்படித்தான். மேலே ஒரு வரி ஓடும், கீழே செல்லோ அதற்கு மறுமொழி சொல்லும். பாடகரின் குரலும் டிரம்ஸும் மட்டும் கேட்டால் அந்தப் பாட்டில் பாதிதான் கேட்கிறது.

ஒளிபரப்பில் இந்தப் பாதி திரும்பக் கிடைக்கிறது. மேடையில் ஒவ்வொரு மைக்கிலிருந்தும் வரும் ஒலியைப் பிரித்து இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்புவார்கள்: மைதானத்து ஸ்பீக்கர்களுக்கு ஒன்று, கலைஞர்கள் தங்களைத் தாங்களே கேட்க ஒன்று, ஒளிபரப்பு வண்டிக்கு ஒன்று. வண்டிக்குப் போவது மைதானத்துக் காற்றையும் எதிரொலியையும் பெரும்பாலும் தொடுவதில்லை. கைதட்டலுக்கென்று கூட்டத்தைப் பார்த்துத் தனி மைக் வைத்து, அதை வேண்டிய அளவுக்கு மட்டும் கலப்பார்கள். எல்லாவற்றையும் தனித்தனித் தடமாகப் பதிந்துவிட்டால், பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து நிதானமாகச் சமன் செய்யலாம்.

2005-ல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த இளையராஜாவின் ‘அன்றும் இன்றும் என்றும்’ கச்சேரியை ஜெயா டிவி ஒளிபரப்பியது. நான் அரங்கில் இல்லை. டிவியில்தான் பார்த்தேன், பிறகு டிவிடியிலும் பலமுறை. மேடையில் தவறு நேர்ந்தால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வது அவர் வழக்கம். ஏன் நிறுத்தினார், யார் எங்கே பிசகினார் என்பது தள்ளி உட்கார்ந்தவருக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம். தடங்கள் பிரிந்து தெளிவாக இருக்கும் பதிவில் நமக்கே பிடிபடும்.

ஒளிபரப்புக்கும் குறைகள் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. வயலின்கள் உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நடிகரின் முகத்தைக் காட்டுவார்கள். வாசிப்பவர் கையைப் பார்க்க வேண்டிய பத்து வினாடி போய்விடும். பாடல் வரிசையை மாற்றுவார்கள், சிலதை வெட்டிவிடுவார்கள். விளம்பரம் வேறு.

‘நேரடி’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். 1973 ஜனவரி 14 அன்று ஹோனலூலூவில் எல்விஸ் பிரெஸ்லி பாடிய கச்சேரி செயற்கைக்கோள் வழியாக ஆசிய நாடுகளுக்கு அப்போதே போனது. அமெரிக்கர்கள் அதை ஏப்ரலில்தான் பார்த்தார்கள், அதுவும் கூட்டம் கலைந்த பிறகு தனியாகப் பாடிப் பதிந்த சில பாடல்களையும் சேர்த்து. அதற்கு நேரெதிர் 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்ட். பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்து ‘லெட் இட் பி’யைத் தொடங்கினார். கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. அரங்கில் இருந்தவர்களுக்கும் டிவி முன் இருந்தவர்களுக்கும் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. கூட்டம்தான் பாட்டைத் தாங்கிக்கொண்டு போனது. அந்த இரண்டு நிமிடத்துக்கு அரங்கில் இருந்திருக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். என் வரையில், பிறகு சமன் செய்வது சரி. குரலையே மறுபடி பாடி ஒட்டினால் அது கச்சேரி இல்லை.

இன்னொன்று. நான் சொன்ன எதுவும் டிவியோடு வரும் ஸ்பீக்கருக்குப் பொருந்தாது. இப்போதைய டிவிகள் மெலிசு. ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கியோ சுவரைப் பார்த்தோ இருக்கும். பேஸ் வருவதற்கு உள்ளே இடமே இல்லை. அதில் கேட்பதானால் டிக்கெட்டே மேல். நான் வாங்கியது ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே உள்ள வகை, டிவியிலிருந்து ஒலியை ஒளியாகக் கடத்தும் ஒரு ஆப்டிகல் கேபிள் போதும். முதல் நாள் சத்தமே வரவில்லை. டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றியதும் வந்தது. ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டி வைத்தபோது பேஸ் வீங்கியது, ஒரு முழம் முன்னால் இழுத்ததும் தெளிந்தது.

அந்தக் கச்சேரி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். இரண்டாவது பாட்டிலேயே அம்மா கையை உயர்த்தி எங்கள் பேச்சை நிறுத்தினார். “ஏன்டா, வயலினுக்கு அடியில இன்னொரு பாட்டு ஓடுதே, அது முன்னாடியே இருந்துச்சா?” என்று கேட்டார். அம்மாவுக்கு 71 வயது. நாற்பது வருடமாக ரேடியோவில் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு அது.

என் அனுபவத்துக்கு எல்லை உண்டு. முன்வரிசை டிக்கெட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை, அங்கே கதை வேறாக இருக்கலாம். ஆயிரம் பேர் கொள்ளும் சிறிய அரங்கானால் நேரில்தான் போவேன். ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரிக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அந்தத் தாளத்தின் கீழ் அதிர்வு நெஞ்சில் வந்து இடித்ததை என் கூடத்து ஸ்பீக்கர் இன்னும் தரவில்லை, தரும் என்றும் தோன்றவில்லை. அப்படிப்பட்ட இசைக்கு மைதானம்தான் இடமோ என்னவோ. ஒரே ஒரு தடவையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மகள் அடுத்த மாதம் தோழிகளோடு ஒரு கச்சேரிக்குப் போகிறாள். அவளைத் தடுக்கவில்லை. இருக்கை வரைபடத்தைப் பார்த்து, மைதானத்துக்கு நடுவே ஒலிப் பொறியாளர் உட்காரும் பந்தலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் எடு என்று மட்டும் சொன்னேன். அவர் அங்கே உட்கார்ந்து கேட்டுத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அந்த வரிசையில் நாலு இடம் காலியாக இருந்தது, அவளும் அதையே எடுத்துவிட்டாள்.